முதலாளி காட்சி முதலில்

காட்டிக்கொடுத்தவன் யார் என்பதை டீ வருவதற்குள் முடிவு பண்ணிவிடலாம் என்றான் மணவாளன். சொல்லிவிட்டுத் தலையணையைச் சுவருக்கு அண்டக் கொடுத்துச் சாய்ந்துகொண்டான். வடபழனியில் ஒரு சந்துக்குள் இரண்டாம் மாடி வீடு அது. கட்டில் கிடையாது, மேசை கிடையாது, கூடம் முழுக்கப் பாயும் தலையணையும்தான். டிஸ்கஷன் என்றால் இப்படித்தானாம், படுத்துக்கொண்டும் சாய்ந்துகொண்டும்தான் சினிமாவுக்குக் கதை பண்ணுவார்களாம். செவத்தையாவுக்கு வலது முழங்கால் மடங்காது என்பதால் குளியலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதனால் அவர் ஒருவர் மட்டும் எல்லோருக்கும் மேலே, மாநாட்டுத் தலைவர் மாதிரி, ஈர முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டியின் பின்பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. மூலையில் சாப்பிட்டுச் சுருட்டிய பொட்டலங்களிலிருந்து பிரியாணி மசாலா வாடை வந்தது. எதிர்ச்சுவரில் வெள்ளைப் பலகை, அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் முன்பாதி, அந்தப் பக்கம் பின்பாதி, கோட்டின் தலையில் சிவப்பு மையில் இடைவேளை. அந்தக் கோட்டின் மேல் ஒரு துரோகம் நிற்க வேண்டும் என்று காலையிலேயே தீர்மானமாகிவிட்டது. ஜனம் முறுக்கு வாங்க எழுந்து போகும்போது வயிறெரிந்துகொண்டு போக வேண்டுமாம். துரோகத்துக்கு இடம் போட்டாயிற்று, செய்த ஆள்தான் பாக்கி. செவத்தையாவுக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம் ஓடியது. அவருக்கு அந்த ஆள் யாரென்று முழங்கால் உடைந்த அன்றைக்கே தெரியும். பெயர் சூசை. பறை அடிக்கிறவன். இவர்களுக்கு அதைச் சொல்லியும் ஆயிற்று. சொன்னபிறகும் என்ன முடிவு பண்ணக் கிடக்கிறது?

கதை கட்டுவதை யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டவரில்லை அவர். எழுத்துக்கூட்டிப் படித்ததே நாகலாம்பட்டி மில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசுகளில்தான். பஞ்சு அடைத்த மூக்கோடு ஷிப்டு முடிந்து வெளியே வந்து, சுவரோரம் நின்று, விரலை வைத்து வைத்து வாசிப்பார். பிறகு சங்கத்தில் கொடுக்கிற சின்னச் சின்னப் பிரசுரங்கள், சாணித்தாளில் அச்சடித்தது, கையில் மை ஒட்டும். கல்லூரி வாசல் தெரியாது என்று யாராவது குத்திக்காட்டினால், எனக்குச் சுவர்தான் கல்லூரி என்பார், அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. சுவர் கற்றுக்கொடுத்தது இதுதான்: முதல் வரியில் வலி, அடுத்த வரியில் வலி கொடுத்தவன், கடைசி வரியில் கூட வேண்டிய இடமும் நேரமும். இதற்குமேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்? இதை வைத்துத்தான் அத்தனை வாசல் நாடகங்களையும் கட்டினார். ஷிப்டு விடும் நேரத்தில் மில் வாசலில் ஜனம் வட்டமாக நிற்கும், நடுவில் அவருடைய ஆட்கள், பறை ஒன்று, சாயம் கிடையாது, திரை கிடையாது. போலீஸ் எப்போது வேண்டுமானாலும் வரும். அதனால் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு காட்சியும் கடைசிக் காட்சியாக இருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் வண்டி வந்தாலும், அப்படியே கலைந்து ஓடினாலும், பார்த்துக்கொண்டிருந்தவன் மனசில் நாடகம் முடிந்திருக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள் என்று ஒருத்தன் சொல்லக் கூடாது. காலையில் இதைச் சொன்னபோது கோதை கண்ணை அகல விரித்தாள். கோதை மணவாளனுக்கு இணை இயக்குநர், நாற்பதுக்குப் பக்கத்தில் வயசு, தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பேனாவைக் காதில் சொருகியிருப்பாள். "இது எங்களுக்கும் ஆகும் ஐயா, பாதியில எழுந்து போறவனுக்கும் படம் முடிஞ்சிருக்கணும்" என்றாள். "நம்ம படத்துக்கு எல்லாரும் பாதியிலதான் போவாங்கன்னு இப்பவே முடிவு பண்ணிட்டீங்களாக்கா" என்றான் ஹரிஷ் என்கிற உதவி இயக்குநர், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். எல்லோரும் சிரித்தார்கள். மணவாளனும் சிரித்தான். சிரித்தபடியே அவர் பக்கம் திரும்பி, "அண்ணனோட சட்டம் அது, அதுல வளந்தவன் நான்" என்றான். காலையில் அது எவ்வளவு இனிப்பாக இருந்தது. பழைய ஆட்களில் ஒருத்தனாவது பெரியவனாகி, ரயிலுக்குச் சீட்டு எடுத்து அனுப்பி, ஸ்டேஷனுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டு, உங்க கதைதாண்ணே, நீங்க இல்லாம டிஸ்கஷன் எப்படி என்று சொல்கிறானே என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் இந்த மாடிப்படி ஏறினார்.

ஏறியபோது இருந்த அந்த நிமிர்வு சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். கோதை கேட்ட ஒரு கேள்வியில்தான். அது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. "பறைக்காரர் காட்டிக்கொடுத்தார்னு வெச்சா லாஜிக் இடிக்குது சார்" என்றாள், எலும்பைப் பொட்டலத்தில் வைத்தபடி. "போலீஸ் வந்தா அவர் பறையோட அடியை மாத்தணும். அடி மாறினா எல்லாரும் ஓடணும். அடி மாறல. சரி. ஆனா போலீஸ் வர்றது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வட்டத்துக்குள்ள இருக்கார். சுத்தி ஜனம்." செவத்தையா அப்போது கை கழுவ எழுந்துகொண்டிருந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில், ரொம்ப அலட்சியமாகத்தான் பதில் சொன்னார். அவனுக்குத் தெரியாதம்மா, வட்டத்துக்கு வெளியே ஒருத்தன் காவல் நிற்பான், ஏதாவது ஒரு திட்டு மேலே, தோளில் சிவப்புத் துண்டோடு. வண்டி தெரிந்தால் துண்டை எடுத்து உதறுவான். பறைக்காரன் கண் அந்தத் துண்டு மேலேயேதான் இருக்கும். துண்டு உதறினால் அடி மாறும். அவ்வளவுதான். "அப்ப அன்னைக்குக் காவல் நின்னது யாரு?" என்றாள் கோதை. அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மணவாளன், "ஹரிஷ், மெயின் ரோட்டுக் கடைல டீ சொல்லிட்டு வா, அண்ணனுக்குச் சர்க்கரை கம்மி" என்றான். ஹரிஷ் எழுந்தான், செருப்பைத் தேடினான், யாரோ அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டதாகச் சண்டை வந்தது, கேள்வி அப்படியே பாயில் விழுந்து கிடந்தது. செவத்தையா கை கழுவிவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தபோதும் அது அங்கேயேதான் கிடந்தது. பேச்சுவார்த்தை மேசையில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறார். மானேஜர் இப்படித்தான் பண்ணுவான். கோரிக்கையின் கழுத்தை நெருங்கும்போது காபி வரும், கோப்பு காணாமல் போகும், ஒரு தொலைபேசி அடிக்கும். காபி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் அவனுக்கு வலிக்கிறது என்று தொண்டர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். அதே ஆள் இங்கே சர்க்கரை கம்மியாக ஒரு டீக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சேச்சே. என்ன நினைப்பு இது. மணவாளனைப் போய். பதினாறு வயசில் அரைக்கால் சட்டையோடு வந்தவன். காவல் நின்றது யார்? காவல் எப்போதும் மணவாளன்தான். முதலாளி வேஷம் அவனுக்கு, முதலாளி வருவது மூன்றாவது காட்சியில், அதுவரைக்கும் அவனுக்கு வட்டத்துக்குள் வேலை இல்லை. வேஷக் கோட்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, டீக்கடைப் பெஞ்சு மேல் ஏறி நிற்பான். அவன் உள்ளே வரும்போது, முதல் காட்சியில் வேஷம் முடிந்த ஒருத்தன் அவனுக்குப் பதில் பெஞ்சில் ஏறுவான். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வருஷத்துக்கு மேல், பிசகே இல்லாமல். ஆனால் அன்றைக்கு. அன்றைக்கு மணவாளன் பெஞ்சில் இல்லை. அன்றைக்கு அவன் வட்டத்துக்குள் இருந்தான், கோட்டும் தொப்பியுமாக. ஏனென்றால் அன்றைக்கு முதலாளி காட்சி முதலில். இத்தனை வருஷமாக இந்த இரண்டும் அவருக்குத் தெரியும். காவல் யார் என்பது தெரியும், அன்றைக்கு வரிசை மாறியது தெரியும். இரண்டும் மண்டைக்குள் வேறு வேறு அறையில் இருந்திருக்கின்றன. நடுக்கதவைத் திறக்க ஒரு பெண்பிள்ளை பிரியாணி தின்றுகொண்டே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. துண்டு தெரியலண்ணே. சூசை அதைத்தான் சொன்னான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், நெற்றியில் தையலோடு, கிழிந்த பனியனோடு நின்றுகொண்டு, வேறெதுவும் சொல்லவில்லை, துண்டு தெரியலண்ணே. கண் அவிஞ்சு போச்சாடா என்று கேட்டது இவர்தான். கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டே கேட்டார். துண்டு தெரியவில்லை என்றால் பார்க்காமல் விட்டான் என்றுதானே அர்த்தம், பார்க்காமல் விட்டான் என்றால் வேண்டுமென்றே விட்டான் என்றுதானே அர்த்தம். அவனுடைய கொழுந்தியாள் புருஷன் ஆயுதப்படையில் போலீஸ். அது போதுமாக இருந்தது. மணவாளனுடைய சித்தப்பா மில் ஆபீசில் டைம்கீப்பராக இருந்தார், அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வராது. மணவாளன் நம்ம தெருப் பையன். சூசை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். சாதியைக் கொளுத்துவோம் என்று ஊர் ஊராகப் போய் அவன் அடித்த பறையை நடுவில் வைத்துப் பேசியவர்தான், அந்தக் கணக்கை மட்டும் வாய்க்காலைப் பார்த்துப் போட்டிருக்கிறார். துண்டறிக்கையும் அவரே எழுதினார், படுத்தபடி, பலகையை வயிற்றில் வைத்துக்கொண்டு. பறையை விற்றவன் என்று தலைப்பு. நல்ல துண்டறிக்கை அது, முதல் வரியில் வலி, அடுத்த வரியில் வலி கொடுத்தவன். ஒரே மூச்சில் வந்தது. அந்தக் கட்டுக்கோப்பு தனக்கே பிடித்துப்போய் இரண்டு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தார்.

ஹரிஷ் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு படியிறங்குகிற சத்தம் கேட்டது. மணவாளன் கண்ணை மூடியிருந்தான். யோசிக்கிறானாம். தாடியில் பாதி நரைத்துவிட்டது, தொப்பை போட்டிருக்கிறது, காலில் விரல் நகங்கள் சுத்தமாக வெட்டியிருக்கின்றன. பெஞ்சு மேல் நின்ற கால்கள் இவைதான். இல்லை, நிற்காத கால்கள். வரிசையை யார் மாற்றியது? காலையில் இந்தக் கதையை எப்படி நீட்டி முழக்கிச் சொன்னார் என்பது இப்போது நெஞ்சுக்குள் முள்ளாக நெருடியது. வேலைநிறுத்தத்தின் கடைசி நாடகம், வாசலில் ஜனம் சோர்ந்து போயிருந்தது, நின்று பார்க்கத் தெம்பில்லை, வலியிலிருந்து தொடங்கினால் வலியோடு நிற்பவனுக்கு என்ன புதுசு, அதனால் நான் கட்டுமானத்தையே புரட்டிப் போட்டேன், வலி கொடுத்தவனை முதலில் இறக்கினேன், கோட்டும் தொப்பியுமாக முதலாளி வட்டத்துக்குள் வந்து ஜனத்தைப் பார்த்து வணக்கம் போடுகிறான், ஒரு ஆள் நகரவில்லை, அது என் ஆயுசிலேயே பெரிய யோசனை. இப்படித்தான் சொன்னார். காலையில் மட்டுமா? சங்கத்து ஆண்டு விழாக்களில், ஒரு வாரப் பத்திரிகைப் பேட்டியில், செத்துப்போன மனைவியிடம் பலதடவை. முழங்கால் போனது, வேலை போனது, போராட்டம் தோற்றது, மில்லையும் பிறகு மூடி குடோன் ஆக்கிவிட்டார்கள். இந்த யோசனை ஒன்று மிஞ்சியது. என் யோசனை. அவர் சொல்லும்போது மணவாளன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அண்ணன் யோசனைதான், அண்ணன் யோசனைதான் என்று, வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டு மாதிரி.

ஆனால் அது எப்போது வந்தது அந்த யோசனை? அதைத்தான் பிடிக்கப் போனார், கை வழுக்கியது. மில்லுக்குப் பின்னால் வாய்க்கால் பாலம். சாயங்காலம். கையில் அவித்த கடலை, உப்பு கூடிப்போயிருந்தது, அதுகூட நாக்கில் இருக்கிறது. மறுநாள் நாடகம். பாலத்துச் சுவரில் அவரும் மணவாளனும். மணவாளன் கடலைத் தொலியைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே சொல்கிறான், அண்ணே, நீங்க ஒருதடவை சொன்னீங்களே, முதலாளிய முதல்ல கொண்டாந்தா ஜனம் நிக்கும்னு, அதை நாளைக்குப் பண்ணிப் பாத்தா என்ன. நீங்க ஒருதடவை சொன்னீங்களே. எந்தத் தடவை? எங்கே வைத்து? கமிட்டியிலா, டீக்கடையிலா, ரயில் மறியலுக்குப் போன லாரியிலா? ஒவ்வொரு இடமாகப் போய்த் தட்டிப் பார்த்தார். எங்கும் அந்த வாக்கியம் இல்லை. வலிதான் முதலில் என்று பேசினதுதான் எங்கும் இருக்கிறது. சட்டம் அல்லவா அது, அதை மாற்று என்று தானே சொல்லியிருப்பாரா? சொல்லவே இல்லை. ஒருதடவையும் சொல்லவில்லை. பாலத்தில் உட்கார்ந்திருந்தபோதும் சொன்னதாக ஞாபகம் இல்லை, ஆனால் கேட்ட மாத்திரத்தில் அது நல்ல யோசனை என்று தெரிந்துவிட்டது, நல்ல யோசனை தனதாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது, ஆமாமாம் என்று தலையாட்டிவிட்டார். காவல்? என்று ஒரு வார்த்தை கேட்டார், அதுவும் நாக்கில் உப்போடு இருக்கிறது. மணவாளன் சிரித்தான். முதல் காட்சிக்குள்ளயா போலீஸ்காரன் வரப்போறான், அவன் கிளம்பவே கால்மணி ஆகும், அதுக்குள்ள நான் முடிச்சிட்டுப் பெஞ்சுல ஏறிட மாட்டேன். சரிதானே. எப்போதும் அவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். அன்றைக்கு மட்டும் முதலாளி வணக்கம் போட்டுக் கையை இறக்குவதற்குள் வண்டி வட்டத்தை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது. பெஞ்சு காலி. சூசையின் கண் காலிப் பெஞ்சில். துண்டு தெரியலண்ணே. துண்டே இல்லையே, எப்படித் தெரியும்? அடிமேல் அடி விழுந்துகொண்டிருக்கும்போது அவன் பழைய அடியையே அடித்துக்கொண்டிருந்தான், பறை கிழிகிறவரைக்கும், துண்டு உதறாமல் அடியை மாற்றக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம்.

டீ வந்தது. பிளாஸ்க்கிலிருந்து காகிதக் கப்பில் ஊற்றி ஹரிஷ் முதலில் அவரிடம்தான் நீட்டினான். மணவாளன் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து, டீயை உறிஞ்சி, "அண்ணே, அந்தக் கோட்டுக் கதையைச் சொல்லுங்கண்ணே இவங்களுக்கு, ஒரு காமெடி சீனுக்கு ஆகும்" என்றான். கோட்டுக் கதை. போலீஸ் அத்தனை பேரையும் அடித்து உருட்டியபோது, கோட்டும் தொப்பியுமாக நின்ற மணவாளனை மட்டும் நிஜ முதலாளி என்று நினைத்து, சார் நீங்க ஒதுங்குங்க என்று ஒரு கான்ஸ்டபிள் சல்யூட் அடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் விட்டாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேர் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். ஜெயிலுக்குள் சிரித்தார்கள். செவத்தையாவே கண்ணில் நீர் வர, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். அந்த ஊர் போலீசுக்கு முதலாளியைத் தெரியாதா? மாசாமாசம் முதலாளி பங்களாவுக்குப் போய் வருகிறவன் அல்லவா அவன்? பதினெட்டு வயசுப் பையனை, மீசைக்குக் கரி தடவியவனை, எவன் முதலாளி என்று நினைப்பான்? யாருமே இதைக் கேட்கவில்லை. சிரிப்புக்குள் புகுந்து எவன் லாஜிக் பார்ப்பான்? "அவரு சொல்ல மாட்டாரு, நானே சொல்றேன்" என்று மணவாளன் எழுந்து நின்று சல்யூட் அடித்துக் காட்டினான், கான்ஸ்டபிள் குரலில் பேசினான், ஹரிஷ் பாயில் உருண்டு சிரித்தான். கோதை சிரித்தாள். சிரித்து முடித்தவுடனே காதிலிருந்து பேனாவை எடுத்தாள். "அந்தக் கேள்வி அப்படியே நிக்குது சார். காவல் இல்ல. ஏன் இல்லன்னா வரிசை மாறிருச்சு. அப்ப வரிசைய மாத்தினவர்தான் ஆளு. கதைப்படி சொல்றேன். வேற யாரு மேலயும் நிக்க மாட்டேங்குது."

மணவாளன் உட்கார்ந்தான். செவத்தையா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் தூக்கி ஒருதடவை பாரடா, வேறொன்றும் வேண்டாம். உன் சித்தப்பா சொல்லச் சொன்னாரா, பயமுறுத்தினார்களா, அம்மாவுக்கு மருந்து வேண்டியிருந்ததா, என்னவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். ஒருதடவை பார். மணவாளன் பார்த்தான், ஆனால் அவரை அல்ல, கோதையை. பெரிய ஆள் குரலில், பொறுமையாகச் சொன்னான். "வரிசைய மாத்தினது அண்ணன், கோதை. அண்ணனே காலையில சொன்னாருல்ல. இந்தக் கதைக்கு அவருதான் ஹீரோ. ஹீரோ மேல சந்தேகம் திரும்பற மாதிரி வெச்சா படம் எங்க போயி நிக்கும்? அதனால அதைத் தொட வேண்டாம். பறைக்காரன்தான். அவனுக்கு ஒரு காரணம் குடுத்துட்டா முடிஞ்சுது. குடி, இல்லாட்டி ஒரு பொண்ணு. துண்டைப் பாத்தான், பாக்காத மாதிரி அடிச்சான். குளோசப். இடைவேளை." எழுந்து போய்ப் பலகையில் கோட்டின் மேல் பறை என்று எழுதினான். எழுதிவிட்டு மூடியைப் போட்டுவிட்டு, "என்னண்ணே, சரிதான?" என்றான். அப்போதுதான் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இல்லை. அதுதான் செவத்தையாவுக்கு எல்லாவற்றையும்விடச் சுட்டது. பாலத்தில் பார்த்த அதே பார்வை, நீங்கதான சொன்னீங்க என்கிற பார்வை, பாசத்தோடு, கொஞ்சம் கெஞ்சலோடு, இந்த ஆள் இல்லை என்று சொல்ல மாட்டார் என்கிற நிச்சயத்தோடு. அவரை இந்த உலகத்தில் சரியாகப் படித்து வைத்திருந்தவன் இவன் ஒருத்தன்தான். யோசனை என்னுடையதில்லை என்று சொன்னால் கிழவனிடம் என்ன மிஞ்சும் என்று இவனுக்குத் தெரியும். மடங்காத காலும் சாணித்தாள் பிரசுரங்களும். சரிதான் என்று ஒரு தலையசைப்பு, அது போதும், படம் வரும், பெயர் வரும், தொடக்கத்தில் தனி அட்டையில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். சூசையும் போய்விட்டான். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலைக்குப் போய், நெஞ்சு கெட்டுப் போய்ச் செத்தான் என்று சேதி வந்தது. நடுவில் ஒருதடவை மதுரை பஸ் ஸ்டாண்டில் இவரைக் கண்டான். கையெல்லாம் நீலம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டத்தில் வந்தான். அண்ணே என்றான். இவர் பஸ்சின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூணு எழுத்துத் தெரியாதவன் மாதிரி அந்தப் பலகையையே வாசித்துக்கொண்டு நின்றார். அவன் மறுபடியும் அதைத்தான் சொல்ல வந்திருப்பான். வேறென்ன சொல்ல வந்திருப்பான்? இப்போது தலையாட்டினால் கூரைக்கொட்டகையிலும் குளிர்க்கொட்டகையிலும் ஜனம் முறுக்கைக் கடித்துக்கொண்டு அவனைத் திட்டும். பார்க்காத துண்டைப் பார்த்ததாக ஒரு முகம் அங்கே பெரிதாக நிற்கும்.

டீ ஆறிவிட்டது. கப்பைக் கீழே வைக்கக் குனிய முடியாமல் ஹரிஷிடம் நீட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார். மணவாளனின் கண் அந்தத் துண்டோடு போய்த் துண்டோடு வந்ததை அவர் ஒருவர்தான் கண்டார். "கோதைம்மா" என்றார். "காலையில நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். வரிசைய மாத்துற யோசனை என்னுது இல்ல." "அண்ணே, உங்களுக்கு அசதி, கொஞ்சம் படுங்க, சாயங்காலம் பேசிக்கிடலாம்" என்றான் மணவாளன். "முழங்கால் மடங்காதவன் எங்கய்யா படுக்கிறது, பாய்ல" என்றார் செவத்தையா. "நீ எழுதிக்கம்மா. இடைவேளைக்கு முந்தின காட்சி. வாய்க்கால் பாலம். ரெண்டு பேரு. பெரியவன் அவிச்ச கடலை தின்னுக்கிட்டிருக்கான். சின்னவன் சொல்றான், அண்ணே, நீங்க ஒருதடவை சொன்னீங்களே, முதலாளிய முதல்ல கொண்டாந்தா ஜனம் நிக்கும்னு. பெரியவன் அப்படிச் சொன்னதே கிடையாது. ஆனா ஆமான்னுட்டான்." கோதையின் பேனா ஓடியது. நின்றது. "சொல்லாததை ஏன் ஐயா ஆமான்னாரு?" அவர் பலகையைப் பார்த்தார். "நல்ல யோசனைம்மா அது" என்றார். "மறுநாள் காட்சியில பறை அடிக்கிறவன் கண்ணு காலிப் பெஞ்சு மேல இருக்கணும். அடிபட்டும் அடிய மாத்த மாட்டான். படம்னு வந்தா எல்லாப் பேரையும் மாத்துவீங்க, மாத்திக்கங்க. அவன் பேரு சூசை, அத மட்டும் மாத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில அவன் ஒரே வார்த்தைதான் பேசணும். துண்டு தெரியலண்ணே." முக்காலியிலிருந்து எழுந்தார். ஈர வேட்டி தொடையில் ஒட்டி இழுத்தது. கோதை குனிந்த தலையோடு எழுதிக்கொண்டே, "பாலத்துல அந்தச் சின்னவனுக்கு என்ன பேரு வைக்கிறது?" என்றாள். கேட்ட பிறகுதான் பேனா கையிலேயே நிற்க, மெல்லத் தலையைத் தூக்கினாள். ஹரிஷும் கைப்பேசியை இறக்கினான். மணவாளன் பலகைக்குப் பக்கத்தில் மூடி போட்ட பேனாவோடு நின்றுகொண்டிருந்தான், வணக்கம் போட்டுக் கையை இறக்காத முதலாளி மாதிரி. "பேரு வைக்கிறது டைரக்டர் பாடு" என்றார் செவத்தையா. பையை எடுத்துக்கொண்டார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து, மடங்காத காலை முன்னால் இறக்கி, அடுத்ததை இறக்கினார். மீதிக் கதையை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், கட்டாமலே போகட்டும். இந்த இடத்தில் வண்டி வந்தாலும் சரிதான்.